பரதேசிகளின் பட்டினம்

தமிழில் ‘பரதேசி’ என்னும் சொல் இன்று நல்ல பொருளில் வழங்குவதில்லை. பிறநாட்டான் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் வீடு வாசலற்று அலைபவன், இரந்துண்பவன் என்னும் இழிவுப் பொருளே நம் பேச்சில் நிலைபெற்றுவிட்டது. ஒருவரை ஏசுவதற்கன்றி அச்சொல்லை நாம் எடுப்பதில்லை. ஆனால் அரபிக் கடலோரத்துப் பட்டினம் ஒன்றில் அதே சொல் ஒரு வழிபாட்டிடத்தின் பெயராக மதிப்புடன் விளங்குகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதப் பள்ளியையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். இச்சொல்லைத் துணைகொண்டு கொச்சியை ஒரு பகற்பொழுது சுற்றிவந்தால், அந்நகரின் வரலாறு நமக்குத் தெளிவாக விளங்கும்.

கொச்சியைக் காணப் புறப்படுவோர் எறணாகுளம் படகுத்துறையிலிருந்து நீர்வழியே செல்வதுதான் முறை. 2023 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற நீர் மெட்ரோவின் மின்கலப் படகுகளும், பழைய அரசுப் படகுகளும் இக்காயலில் அருகருகே ஓடுகின்றன. வலப்புறத்தில் டச்சுக்காரர் 1744ஆம் ஆண்டில் கட்டிய போல்காட்டி மாளிகை தீவின் மரங்களிடையே தோன்றும். இடப்புறத்தில் வில்லிங்டன் தீவின் பாரந்தூக்கிகள் தெரியும். நீர்வழியே செல்லவேண்டும் என்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. இந்நகரைப் படைத்ததே நீர்தான்.

சேரநாட்டின் பெருந்துறை முசிறி என்பதை நாம் அறிவோம். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறும் புறநானூறும் கூறுகின்றன. இது புலவர் கற்பனையன்று என்பதற்குக் கிரேக்க மொழிச் சான்று ஒன்றும் உண்டு. முசிறி வணிகத்தைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தாளோலை ஆவணம் வியன்னாவில் காக்கப்பெற்று, 1985ஆம் ஆண்டில் பதிப்பிக்கப்பெற்றது. ஹெர்மபோலன் என்னும் கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட சரக்குகளின் கணக்கு அதில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுமுதல் கொடுங்கல்லூருக்கு அருகேயுள்ள பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வுகளில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அதுவே முசிறி என்பது அறிஞர் பலரின் துணிபு.

இத்தகைய துறை எவ்வாறு மறைந்தது? கி.பி. 1341ஆம் ஆண்டில் பேரியாற்றில் பெருவெள்ளம் பெருகிற்று எனவும், அதனால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, தெற்கே கொச்சியில் காயலுக்கும் கடலுக்கும் இடையே புதிய வாய் திறந்தது எனவும் வரலாற்றாசிரியர் கூறுவர். எதிர்க்கரையில் காணும் வைப்பின் தீவும் அவ்வெள்ளம் கொணர்ந்த மண்ணால் ஆயது என்பது மரபு. அவ்வாண்டினைத் தொடக்கமாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்றோர் ஆண்டுக் கணக்கே இப்பகுதியில் வழங்கியது. ஓர் ஆறு பழைய நகரை மூடி, புதிய நகரைத் திறந்துவைத்தது. வணிகரும் அந்தணரும் யூதரும் மெல்ல மெல்ல வடக்கிலிருந்து கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். ஆகவே, கொச்சியின் முதற்குடிகளிற் பலர் இடம்பெயர்ந்து வந்தவர்களே.

படகை விட்டிறங்கிக் கடற்கரைக்கு நடந்தால் முதலில் நம் கண்ணைக் கவர்வன சீன வலைகள். நீண்ட கழிகள் தாங்கிய பெரிய வலை, ஏற்றம் போல் முன்னே தாழ்ந்து நீரில் மூழ்குகிறது. பின்னே கயிற்றில் கட்டித் தொங்கும் கற்கள் எடைக்கு எடை நின்று அதனை மேலே தூக்க உதவுகின்றன. நால்வரேனும் சேர்ந்து இழுத்தாலன்றி வலை எழாது. இவை சீனத்துக் கடற்படைத் தலைவர் செங்ஹோ காலத்தில் வந்தன என்பது மக்கள் நம்பிக்கை. மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொணர்ந்தனர் என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும், செங்ஹோவுடன் பயணம் செய்த மா ஹுவான் தம் நூலில் கொச்சிக்குத் தனிப் பகுதியே ஒதுக்கி, இந்நாட்டு மிளகைப் பற்றி எழுதியிருக்கிறார். வலையின் பெயரில் சீனம் இருக்கிறது. இழுக்கும் கையோ மலையாளக் கரையினது. அயலார் கொணர்ந்ததைத் தன்னதாக்கிக்கொள்ளும் இந்நகரின் இயல்புக்கு இவ்வலையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கடற்கரையை விட்டுச் சிறிது உள்ளே நடந்தால் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1500ஆம் ஆண்டின் இறுதியில் கப்ரால் என்பவரின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் பகையை எதிர்கொள்ளத் துணை தேடிய கொச்சி மன்னர் அவர்களை வரவேற்றார். 1503ஆம் ஆண்டில் இங்கே போர்ச்சுகீசியரின் கோட்டை எழுந்தது. அவர்தம் அரசரின் பெயரால் இம்மானுவேல் கோட்டை எனப்பட்டது. அவ்வாண்டில் மரத்தாற் கட்டிய சிறு கோயிலே பின்னர்க் கல்லாலாகி, 1516ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பிய தேவாலயங்களில் மிகப் பழமையானதாக இதனைப் போற்றுவர். வாஸ்கோ ட காமா 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் உயிர் துறந்தபோது இங்கேதான் புதைக்கப்பெற்றார். சுமார் பதினான்கு ஆண்டுகள் கழித்து அவரது எச்சங்களை லிஸ்பனுக்குக் கொண்டுசென்றனர். இன்று வருவோர் வேலியிட்டுக் காத்திருக்கும் வெறும் கல்லறையையே கண்டு திரும்புகின்றனர்.

இத்தேவாலயம் கை மாறிய கதை கொச்சியின் அரசியல் வரலாற்றின் சுருக்கமே. கத்தோலிக்கக் கோயிலாக எழுந்த இது, 1663ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் அவர்தம் சீர்திருத்தச் சபைக்குரியதாயிற்று. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நகரைக் கொண்டனர். பின்னர் இக்கோயில் ஆங்கிலிக்கன் சபைக்குச் சென்றது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டிடமாகவும், தொல்பொருள் துறையின் காப்பிலுள்ள சின்னமாகவும் இருக்கிறது. அருகிலுள்ள சாந்தா குரூஸ் பேராலயமோ இத்தகைய நல்லூழ் பெறவில்லை. டச்சுக்காரர் அதனை ஆயுதக் கிடங்காக்கினர், ஆங்கிலேயர் இடித்தனர். இன்று நாம் காணும் கட்டடம் 1905ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பெற்றது. 1806ஆம் ஆண்டில் கோட்டையையும் ஆங்கிலேயர் தகர்த்தனர். ‘கோட்டைக் கொச்சி’ என்ற பெயர் எஞ்சியிருக்கிறது, கோட்டையைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

ஆட்சியாளர் எழுப்பியவற்றுள் பல இவ்வாறு அழிந்தொழிய, எழுத்தில் ஏறியவை நிலைத்தன. டச்சு ஆளுநர் வான் ரீட் என்பார் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரையும், கொங்கணி அந்தணர் மூவரையும், வேறு பலரையும் துணைக்கொண்டு மலையாளக் கரையின் செடிகொடிகளை ஆராய்ந்தார். அதன் பயனான ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னர், தமிழராகிய நமக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று இக்கொச்சியில் நடந்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அன்றீக்கு அன்றீக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579இல், அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளை வார்த்து இம்மண்ணில் அச்சிட்ட முதல் நூல்களின் வரிசையில் இவ்விரண்டும் தமிழ் நூல்கள். தமிழ் எழுத்து தன் அச்சு வாழ்வின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்துக்கு வெளியே, இத்துறைமுகத்தில் தங்கியிருந்தது என்பதைக் கொச்சித் தெருக்களில் நடக்கும் தமிழர் எத்தனை பேர் நினைக்கின்றனர்?

தமிழெழுத்தேயன்றித் தமிழ்க் குடியும் இங்கே தங்கியதுண்டு. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் சலவைத் துறை ஒன்று இருக்கிறது. டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குலத்தாரை அழைத்துவந்து குடியமர்த்தினர் என்பது அம்மக்களின் வழிவழிச் செய்தி. இன்றுள்ள துறைக் கட்டடம் 1976ஆம் ஆண்டில் அமைந்தது. தனித்தனித் தொட்டிகளில் துணிகளை அடித்துத் துவைத்து, அரிசிக் கஞ்சி இட்டு, இரட்டைப் புரிக் கயிறுகளின் முறுக்கிலேயே செருகி உலர்த்துகின்றனர். கவ்வி எதுவும் வேண்டுவதில்லை. அவர்கள் தமக்குள் தமிழே பேசுகின்றனர். அவர்களுடைய உழைப்பைப் பெற்ற அரசு போயிற்று. அதற்குப் பின்வந்த அரசும் போயிற்று. தளபதிகளின் பெயர்கள் 1724ஆம் ஆண்டின் டச்சு இடுகாட்டில் உப்புக்காற்றில் தேய்ந்துகொண்டிருக்கின்றன. வெளுத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாமலே அவர்களுடைய பேரர்கள் அத்தொழிலைச் செய்துவந்தனர். வெறுங் கல்லறைக்குச் செல்லும் பயணிகள் இத்துறைக்கும் வருவார்களாயின், வரலாற்றின் மற்றைப் பாதியையும் கண்டவர்களாவர்.

பிற்பகலில் மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்தால் ‘டச்சு அரண்மனை’ தோன்றும். பெயர்தான் டச்சு, 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு வழங்கியது அது. 1663க்குப் பின் டச்சுக்காரர் பழுதுபார்த்தமையால் அப்பெயர் பெற்றது. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை பச்சை, காவி, மஞ்சள் வண்ணங்களில் விரிந்து கிடக்கிறது. முற்றத்தில் பழயன்னூர்ப் பகவதி கோயில் கொண்டிருக்கிறாள். அயலார் கட்டிய மனை, அதன் நடுவே அரசரின் குலதெய்வம், அதன் மதிலை அடுத்தே யூதர் தெரு. இம்மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் காட்சியே காணத்தக்கது.

பரதேசி யூதப் பள்ளி 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. ஸ்பெயின் முதலிய நாடுகளினின்று துரத்தப்பட்டு வந்தவர்கள், முன்பே இக்கரையில் வாழ்ந்த யூதரினின்று பிரித்தறியப் ‘பரதேசி’ எனப்பட்டனர். மன்னர் தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் அருகிலேயே அவர்களுக்கு நிலம் அளித்தார். தரையில் பாவிய சீன ஓடுகள் கையால் நீலவண்ணம் தீட்டப்பெற்றவை. 18ஆம் நூற்றாண்டில் கான்டனிலிருந்து வந்தவை. அவற்றினும் நமக்கு முக்கியமானவை இங்குள்ள செப்பேடுகள். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர இரவி, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும், பல்லக்கு, குடை முதலிய எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கிய ஆவணம் அது. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, தமிழறிந்தார் முயன்றால் விளங்கிக்கொள்ளும் மொழி. மன்னர் அதனை வழங்கியபோது வீற்றிருந்த இடம் முயிரிக்கோடு. அதாவது நம் முசிறி. தூர்ந்துபோன துறையின் நினைவு, அங்கிருந்து வந்தவர்களின் பெட்டகத்தில் காக்கப்பட்டது!

இவ்வளவும் சொல்லி, கொச்சியைக் குறையற்ற பொன்னாடாகக் காட்டுதல் வரலாற்றுக்கு முறையாகாது. அடைக்கலம் பெற்ற பரதேசி யூதரே, தம்மிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழியினரை இப்பள்ளியில் சமமாக அமரவிடவில்லை. அவர்கள் ஓரத்தில், படிகளில் அமரவேண்டியிருந்தது. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் காந்தியடிகளின் அறவழியைப் பின்பற்றித் தம் சொந்தப் பள்ளியிலேயே அவ்வநீதியை எதிர்த்தார். மெல்ல மெல்ல அவ்வேற்றுமை நீங்கியது. இன்று யூதர் தெருவிலுள்ள சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. வேற்று மண்ணில் இடம் பெற்றவன், தன்னினும் எளியவனுக்கு இடம் மறுத்தல் எளிதில் நேரக்கூடிய தீமை என்பதை இக்கதை உணர்த்துகிறது. பின்னர் 1948இல் இஸ்ரேல் தோன்றியதும் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். 1968 டிசம்பரில் பள்ளியின் நானூறாவது ஆண்டுவிழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அக்காலத்திலேயே மக்கள் அருகி வந்தனர். வந்தவர் சென்றனர், ஆனால் துரத்தப்பட்டுச் செல்லவில்லை.

மாலையில் திரும்பும் படகில் வில்லிங்டன் தீவை மறுபடி காண்போம். அது இயற்கைத் தீவன்று. கொச்சியின் வாயிலை ஒரு மணல்திட்டு அடைத்துநின்றமையால் பெருங்கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட நேர்ந்தது. 1920ஆம் ஆண்டில் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அத்திட்டை ஊடறுத்துச் சுமார் மூன்றரை மைல் நீளத்தில் ஆழ்கால் வெட்டச் செய்தார். 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணே காயலில் கொட்டப்பெற்றுத் தீவாயிற்று. 1341இல் வெள்ளம் திறந்த வாயிலை, மனிதர் அகலமாக்கினர்.

பணியின்பொருட்டும் பிழைப்பின்பொருட்டும் பிறந்த மண்ணைவிட்டு வெவ்வேறு மாநிலங்களில் வாழ்ந்து, தமிழ்ச் சங்கம் கண்டு, தமிழ் வளர்க்கும் நாமும் ஒருவகையில் பரதேசிகளே. நமக்கு இடம் தந்த ஊருக்கு நாம் எதைக் கொடுத்தோம்? நமக்குப் பின் வருபவனுக்கு நம் வரிசையில் எத்தனை இடம் விட்டோம்? இவ்விரு வினாக்களையும் கொச்சி எழுப்புகிறது. வலை இழுத்தவனும், எழுத்து வார்த்தவனும், துணி வெளுத்தவனும் முதல் வினாவுக்கு விடை கூறிவிட்டனர். இரண்டாவதற்கு விடை கூறவேண்டியவர்கள் நாம்.