நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் கொள்ளை வழக்கொன்றில் கைதானார். சாட்சியம் இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் பொலிஸார் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்தனர். அவரது வீடு இரகசியமாகக் கண்காணிக்கப்பட்டது, பயணங்கள் குறித்துக்கொள்ளப்பட்டன. இரவுகளில் கதவைத் தட்டி உறக்கத்திலிருந்து எழுப்பினர். அந்த ஓசையின் பொருளை ஈழத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1962 டிசெம்பரில் ஆறு நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். இரவு நேர வீட்டுச் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்பதில் அனைவரும் உடன்பட்டனர். ஆனால் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையல்ல என்று கூறிய பெரும்பான்மையினர், ஏனைய கண்காணிப்புகளை அனுமதித்தனர். கதவைத் தட்டக்கூடாது, கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே அதன் சாரம். நீதியரசர் சுப்பாராவ் இதனை ஏற்கவில்லை. அந்தரங்கம் தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்ற அவரது கருத்துடன் நீதியரசர் ஷாவும் இணைந்தார்.

சிறுபான்மையாக நின்ற அக்கருத்து வெல்வதற்கு 54 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். அரசு அதில் தலையிடுவதாயின் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்திற்கு மிஞ்சாத அளவும் இருக்க வேண்டும்.

எனினும் என் மனதை உறுத்தும் கேள்வி வேறு: அந்த அளவை முதலில் தீர்மானிப்பவர் யார்? 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் நடந்த தொலைபேசி ஒட்டுக்கேட்டல் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. உள்துறைச் செயலாளரே உத்தரவிட வேண்டும். அதை மீளாய்வுக் குழு பரிசீலிக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கக்கூடாது. ஆனால் நீதிமன்றத்தின் முன்அனுமதியை அது கட்டாயமாக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த அதிகாரத்தை நிர்வாகத்திடமே விட்டிருக்கிறது.

கரக் சிங்குக்குத் தன் கதவு தட்டப்படுவது கேட்டது. ஆகவே வழக்குத் தொடுத்தார். ஒட்டுக்கேட்கப்படுபவருக்கோ எதுவும் கேட்பதில்லை. அறியாத ஒன்றை எதிர்த்து எவரும் நீதிமன்றம் செல்ல இயலாது. அதனால்தான் உத்தரவு பிறக்கும் முன்னரே ஒரு நீதிபதி அதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பிலோ அந்தரங்கம் தனியானதோர் அடிப்படை உரிமையாகவே எழுதப்படவில்லை. நாம் அந்த முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.