கூன் முதுகும் உலோகத் திருகாணியும்

பரந்தன் சந்தியிற் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே பிரியும் முல்லைத்தீவு வீதியில் அறுவடைக் காலத்துக் காலைப் பொழுதிற் செல்வோர், வயல் வரம்பிற் கோலூன்றி நடந்துவரும் மூதாட்டியரைக் காணாதிருத்தல் அரிது. முதுகு வில்லென வளைந்திருக்கும். முகம் நிலத்தையே நோக்கியிருக்கும். ஊரார் அதனை 'வயதுக் கூன்' என்று கூறி அமைவர். நாற்று நட்டும், கதிர்க்கட்டுச் சுமந்தும், குடம் தூக்கியும் உழைத்த உடம்பு வளைதல் இயல்பேயன்றோ என்பது அவர்தம் எண்ணம்.

ஆயின், அத்தகைய கூன்கள் பலவற்றுட் கரந்து கிடப்பது முறிவு. முள்ளந்தண்டின் முள்ளென்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவெய்த, உடல் முன்னோக்கிச் சரிகின்றது. இவ்வகை முறிவுகளுள் மூன்றில் இரண்டு பங்கு முறிவென்று அறியப்படாமலே போகின்றன என்பர் மருத்துவர். கிணற்றடியிற் குனிந்தபோது 'பிடித்துக்கொண்ட' நாரி நோவு, சில வாரம் எண்ணெய் தேய்த்ததும் தணிந்துவிடும். நசுங்கிய என்போ நசுங்கியபடியே இருக்கும்.

இந் நோய்க்கு 'ஒஸ்ரியோபொறோசிஸ்' என்னும் பெயரை இட்டவர் ஸ்திராஸ்பேர்க் நகரத்து ஆசிரியர் லோப்ஸ்ரீன். அஃது 1830ஆம் ஆண்டை ஒட்டிய காலம். என்பில் துளை மிகுதல் என்பதே சொல்லின் பொருள். அதனைத் தமிழில் என்பு நொய்மை எனலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடத்து இந்நோய் மிகுவதன் காரணத்தை, 1941இல் அமெரிக்கரான புல்லர் அல்பிறைற் விளக்கினார்.

மானிப்பாயில் இருந்து வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், தம் மாணாக்கர் துணையோடு 'இரண வைத்தியம்' என்னும் சத்திர சிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டது 1867இல். றொன்ற்ஜன் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல். ஆதலின், உயிரோடிருப்பவர் முதுகினுள் என்ன நிகழ்கின்றது என்பதைக் கண்ணாற் காணும் வழி கிறீன் காலத்தில் எவர்க்கும் இருந்ததில்லை. அக் கதிர்ப்படமும், என்பின் சத்திற் சுமார் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பின்னரே நொய்மையைத் தெளிவாகக் காட்டும்.

முள்ளென்புகளைப் பிணைக்கும் சிகிச்சை முதியோர்க்காகப் பிறந்ததன்று. 1891இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்ரன் நகரிற் ஹட்றா என்பவர், முறிந்து விலகிய கழுத்து முள்ளென்புகளைக் கம்பியாற் கட்டிப் பார்த்தார். இருபது ஆண்டுகள் கழித்து 1911இல், நியூயோர்க்கில் ஹிப்ஸ், அல்பி எனும் இருவர் தனித்தனியே வேறொரு வழி கண்டனர். சயரோகம் அரித்த முள்ளந்தண்டு சரியாதிருக்கும் பொருட்டு, ஹிப்ஸ் முள்ளென்புகளின் பின்பாகத்தையே சிராய் சிராயாக எழுப்பி ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். அல்பி, நோயாளியின் கணைக்காலிலிருந்து எடுத்த என்புத் துண்டை அங்கே நட்டார். உலோகம் எதுவும் உள்ளே விடப்படவில்லை. என்பை என்பே பிணைத்தது. நோயாளி மாதக்கணக்கிற் கட்டிலிலும் சாந்துக் கவசத்திலும் கிடக்க நேர்ந்ததே அதன் விலை.

அந்த விலையைக் குறைக்க வந்ததே உலோகம். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய சிறுவர்க்காக ஹியூஸ்ரன் நகரத்துப் போல் ஹறிங்டன் அமைத்த கொக்கியும் கோலும் 1962இற் பிரசுரமாயின. 1963 முதற் பாரிஸ் நகரத்து ருவா-கமில், முள்ளென்பின் காம்பு வழியே திருகாணியைச் செலுத்தித் தகட்டோடு பிணைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு இதுவே வித்து. இளையோரின் திண்ணிய என்பிற் கண்ட வெற்றியை முதியோரின் நொய்ந்த என்புக்கும் அப்படியே கொண்டு சென்றபோதுதான் இடர் தொடங்கியது.

அதன் காரணத்தைப் பனை மரம் தறித்தவர் எவரும் எளிதில் உணர்வர். பனையின் புறப்பகுதி வைரம் பாய்ந்தது. உட்பகுதி மெத்தென்ற சோறு. வைரத்தில் அறைந்த ஆணி நிற்கும். சோற்றில் அறைந்த ஆணி ஆட்ட ஆட்டக் கழன்றுவிடும். முள்ளென்பும் அத்தகையதே. மேலே மெல்லிய கடின ஓடு, உள்ளே வலைபோன்ற மென்பகுதி. நொய்மை முதலிற் பறிப்பது அவ் வலையை. உருக்கோ கடின என்பைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பானது. தைத்தானியக் கலவை ஐந்தாறு மடங்கு. நோயாளி ஒவ்வொரு முறை எழுந்தமரும்போதும் வளையாத உலோகம் வளையும் என்பைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. உலோகம் வலியதாயின் எல்லாம் வலியதாம் என்று மயங்குவோர் பலர். தோற்பது பெரும்பாலும் திருகாணியன்று. அதைப் பிடித்திருக்கும் என்பே.

ஆகவே சத்திர சிகிச்சையாளரின் தெரிவு வேறு திசைகளிற் சென்றது. பருத்து நீண்ட திருகாணிகள். இரண்டு முள்ளென்புகளோடு நில்லாது மேலும் கீழும் சிலவற்றிற் சுமையைப் பகிர்தல். உட்சோற்றை விடுத்து ஓட்டைப் பற்றும் சாய்வான பாதை. ஓட்டின் வலிமை எஞ்சியுள்ள பின் வளைவிற் கொக்கியோ கட்டோ இடுதல். முள்ளென்புகளின் இடைவெளியில் வைக்கும் கூடும் சிறிதாயிருப்பின் நொய்ந்த என்பினுட் புதையும். ஆதலின் விளிம்பின் வன்பகுதியிற் படியும் அகன்ற கூடே விரும்பப்படும்.

இவற்றுட் பெரிதும் பேசப்படுவது என்புச் சீமெந்து. துளையுள்ள திருகாணி வழியே அதனை உட்செலுத்தினால் ஆணியின் பிடி மிகும். ஆயின் அது நரம்புப் பக்கம் கசியலாம். குருதி நாளம் வழியே நுரையீரலுக்கும் செல்லலாம். பின்னர் அத் திருகாணியைக் கழற்ற நேரின் பெரும்பாடு. பிரான்சின் அமியான் நகரிற் கலிபேர், டெறமோன் ஆகியோர் 1984இல் முள்ளென்பினுள் நேரே சீமெந்து செலுத்தும் முறையைத் தொடங்கினர். நசுங்கிய முறிவுக்கும் அது விரைந்து பரவிற்று. 2009இல் வெளிவந்த இரு ஆய்வுகள், சீமெந்து செலுத்தியது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளர்க்கும் நோவு ஏறக்குறைய அதே அளவு தணிந்ததாகக் காட்டின. அவ் விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. முதுகு நோவென்று வரும் ஒவ்வொருவர்க்கும் ஊசியோ ஆணியோ வேண்டும் என்போர் அவ் ஆய்வுகளை ஒருமுறை படித்தல் நன்று.

நரம்பு நசுங்கிக் காலில் வலுவிழந்தோர், நிமிர்ந்து நிற்க இயலாதவாறு முள்ளந்தண்டு சரிந்தோர் ஆகியோர்க்குச் சத்திர சிகிச்சை தவிர்க்க முடியாததாகலாம். அவர்க்கும் முதலில் என்பின் செறிவை அளத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1994இல் இளையோரின் சராசரியிலிருந்து இரண்டரை அலகு குறைவதை எல்லையாக வகுத்தது. நாரிப்பகுதியில் வளர்ந்த முதுமை முட்கள் அவ்வளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், இடுப்பையும் அளப்பது வழக்கம். கல்சியமும் விற்றமின் டியும் குறைந்திருப்பின் நிரப்பப்படும். 2002 முதற் பயன்படும் தெறிபறரைட் என்னும் ஊசி மருந்து புது என்பை வளர்க்க வல்லது. பிணைப்புக்கு முன்னும் பின்னும் அதனைக் கொடுத்தால் ஆணி தளர்வது குறைகின்றது என ஜப்பானிய ஆய்வுகள் சில கண்டுள்ளன. விலை மிகுந்த இம் மருந்தை நாடொறும் ஏற்ற வேண்டியிருத்தல் ஏழைக் குடும்பத்துக்குச் சிறு சுமையன்று.

சிகிச்சை செவ்வனே முடிந்த பின்னும், பிணைத்த பகுதிக்கு மேலுள்ள முள்ளென்பு சில மாதத்தில் நசுங்குவதுண்டு. வளையாத தூணின் தலையில் நொய்ந்த கல் இருப்பதே காரணம். பரந்தனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தாயை அழைத்துச் செல்லும் மக்கள், எந்த நாட்டு ஆணி உயர்ந்தது என்று வினவுவதற்கு முன், அம்மாவின் என்பு அளக்கப்பட்டதா, அதற்கு மருந்து தொடங்கப்பட்டதா, எத்தனை முள்ளென்பு பிணைக்கப்படும், அதற்கு மேலுள்ளதன் நிலை என்ன என்று கேட்கலாம். ஆணியின் பெயரைக் காட்டிலும் அவ் விடைகளே அவர் மீண்டும் வரம்பில் நடப்பாரா என்பதை மிகுதியும் தீர்மானிக்கின்றன.