குழாய் என்ற சொல்லும் குழாய் அல்லாத உறுப்பும்

மருத்துவமனைகளின் காத்திருப்பு வரிசையில் மூன்று சொற்கள் ஓயாமல் காதில் விழும்: ரத்தக்கொதிப்பு, ரத்தக்குழாய் அடைப்பு, நரம்புச் சுருட்டு. மூன்றும் நோயைச் சொல்கின்றன. ஆனால் நோய் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்வதில்லை. கொதிப்பில் கொதிப்பது ரத்தமன்று. சுருட்டில் சுருள்வது நரம்பன்று, காலின் சிரை. அடைப்பு என்றதுமே, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஓடி ஓடி வீட்டுக் குழாயின் உள்ளே காரை படிந்திருக்கும் காட்சி மனத்தில் எழுகிறது. அதுவும் பிழையான காட்சியே. மூன்று நோய்களுக்கும் இருப்பிடம் ரத்த நாளத்தின் சுவர். அந்தச் சுவர் உணர்கிறது, சுருங்குகிறது, விரிகிறது, சுரக்கிறது. அதைக் குழாய் என்று நினைக்கும்வரை இந்நோய்கள் எதையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழாய் என்ற உவமை ஒரு காலத்தில் பெரும் உதவி செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டைய கிரேக்க மருத்துவர் எராசிஸ்திராத்தஸ் தமனிகளில் காற்றே ஓடுவதாக நம்பினார். இறந்த உடலின் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பது அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. தமனிகளில் ஓடுவது ரத்தமே என்று கேலன் நிறுவினார். ஆனால் கல்லீரல் ஓயாமல் புது ரத்தம் உண்டாக்க, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்று அவரும் பிழையாக எண்ணினார். 1628இல் வில்லியம் ஹார்வி எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் அளவை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினால், உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் அது மிஞ்சுகிறது. அவ்வளவு ரத்தத்தை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது. ஆகவே ஓடிய ரத்தமேதான் சுற்றி வருகிறது. தமனியையும் சிரையையும் இணைக்கும் வழியை மட்டும் ஹார்வி கண்ணால் கண்டதில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார்.

சுற்றோட்டத்தின் வரைபடம் அத்துடன் முழுமை பெற்றது. சுவரைப் பற்றிய ஆய்வு அப்போது தொடங்கவே இல்லை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் விட்டம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். அதன் நடுப்படலத்தில் மீள்நார்கள் அடுக்கடுக்காக நெய்யப்பட்டுள்ளன. இதயம் சுருங்கும்போது அது விரிந்து ரத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது மீண்டும் ஒடுங்கி அதை முன்னே தள்ளுகிறது. இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும் திசுக்களில் ஓட்டம் அறாமல் இருப்பது இதனால்தான். வயது ஏற ஏற இச்சுவர் விறைக்கிறது. முதியோரிடம் மேல் அழுத்தம் கூடியும் கீழ் அழுத்தம் குறைந்தும் காணப்படுவதன் முக்கியக் காரணம் இந்த விறைப்பே.

அழுத்தத்தை உண்மையில் ஆள்பவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்தமனிகள். பெருந்தமனியில் சராசரியாக 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் இருக்கும் அழுத்தம், இவற்றைக் கடந்து தந்துகியின் வாயிலை அடையும்போது சுமார் 35 ஆகக் குறைந்துவிடுகிறது. இதன் கணிதத்தை 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் வகுத்தார்: ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். ஆரம் பத்து விழுக்காடு குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுவரின் தசை சற்றே இறுகினால் உடல் முழுவதும் அழுத்தம் ஏறுகிறது. ரத்தக்கொதிப்பில் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் கருவி காட்டும் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த இறுக்கம்தான்.

அந்தத் தசைக்கு இறுகவும் தளரவும் கட்டளையிடுவது யார்? நரம்புகளும் ஹார்மோன்களும் என்றே நெடுங்காலம் விடை சொல்லப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட்டுக்கு ஒரு புதிர் இருந்தது. உயிருள்ள விலங்கில் அசிட்டைல்கோலின் என்ற மருந்து நாளங்களைத் தளர்த்துகிறது. ஆனால் அவர் வெட்டியெடுத்த முயல் தமனிக் கீற்றுகள் அதே மருந்துக்குச் சுருங்கின. 1978இல் ஆய்வகத்தில் ஒரு செய்முறை மாறிப்போனதில், தமனித் துண்டு எதிர்பாராமல் தளர்ந்தது. காரணம் தேடியபோது, கீற்றைத் தயாரிக்கையில் அதன் உட்புறம் உராய்வதே வேறுபாடு என்று தெரிந்தது. அந்த உராய்வில், எண்டோதீலியம் எனப்படும் ஒற்றைச் செல் அடுக்கான உட்படலம் உரிந்துபோயிருந்தது. அதுவரை சுவருக்கு அடித்த சுண்ணாம்புப் பூச்சு போலக் கருதப்பட்ட அடுக்கு அது.

அடுத்து அவர் செய்த சோதனையை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. உட்படலம் உரிந்த கீற்று ஒன்றையும் உட்படலம் கெடாத கீற்று ஒன்றையும் முகத்தோடு முகம் வைத்து அடுக்கினார். உரிந்த கீற்றும் தளர்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதோ பொருள் கசிந்திருக்க வேண்டும். 1980இல் இம்முடிவு வெளியானது. சில ஆண்டுகளில் அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனத் தெளிவாகி, 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்ததும் இதே வாயுவை வழங்கும் வேலையே. ரத்தம் உரசி ஓடும் வேகத்தை உட்படலம் உணர்ந்து, வேகம் கூடினால் இந்த வாயுவையும் கூடுதலாகச் சுரக்கிறது. எந்தக் குழாயும் தன்னுள் ஓடும் நீரின் வேகத்துக்கேற்பத் தன் அகலத்தை மாற்றிக்கொள்வதில்லை.

தந்துகியில் சுவரென்று இருப்பதே இந்த உட்படலமும் அதைத் தாங்கும் மெல்லிய சவ்வும்தான். ஆனாலும் அது எங்கும் ஒன்றுபோல் இல்லை. கல்லீரலில் பெரிய இடைவெளிகளோடும், சிறுநீரகத்தில் நுண்துளைகளோடும், மூளையில் இறுக மூடியும் அமைந்திருக்கிறது. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது மூளை மட்டும் சாயம் ஏறாமல் நின்றது இதனால்தான். மேடைகளில் சொல்லப்படும் ஒரு செய்தியையும் இங்கே திருத்த வேண்டும். நாளங்களின் மொத்த நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பதன் வேர், டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920களில் போட்ட கணக்கு. அவர் 50 கிலோ தசையுள்ள மனிதரையும், சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகிகளையும் வைத்துக்கொண்டார். பெரும்பாலானோருக்கு அவ்வளவு தசை கிடையாது.

அடுத்தது சுருட்டு. உடலின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில் இருக்கிறது. கால் சிரைகளில் அதை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசையின் பிழிதல். கீழே வழியாமல் காப்பவை வால்வுகள். வால்வு தளர்ந்து சுவர் தொய்ந்தால் சிரை சுருள்கிறது.

இனி அடைப்பு. கொழுப்பு குழாயின் உட்பரப்பில் காரைபோல் படிவதில்லை. காயப்பட்ட உட்படலத்தைக் கடந்து சுவருக்கு உள்ளே சேர்கிறது. 1987இல் கிளாகோவ் குழுவினர் இதயத் தமனிகளை அளந்து காட்டினர்: சுவரில் படிவம் வளர வளரத் தமனி வெளிப்புறமாக விரிந்து, ஓட்டப்பாதையை நெடுநாள் காத்துக்கொள்கிறது. அதனால்தான் ஆஞ்சியோகிராமில் பாதை தெளிவாகத் தெரிந்தவருக்கும் மாரடைப்பு வரக்கூடும். சுவரின் படிவம் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் சில நிமிடங்களில் பாதை மூடிவிடும்.

பைபாஸ் அறுவை இந்த வாதத்துக்கு வலுவான சான்று. நாளம் வெறும் குழாயானால், மாற்றுக் குழாயை எங்கிருந்து எடுத்தாலும் ஒன்றுதான். நடப்பது வேறு. காலிலிருந்து எடுத்த சிரை, தமனியின் அழுத்தத்தைச் சந்தித்ததும் தடிக்கத் தொடங்குகிறது. பத்தாண்டுகளில் அத்தகைய ஒட்டுகளில் கணிசமானவை அடைபடுகின்றன. மார்பின் உட்சுவர்த் தமனியை இணைத்தால் பத்தில் ஒன்பது பத்தாண்டுக்குப் பின்னும் திறந்திருக்கின்றன. அதன் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரப்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

பள்ளிப் பாடநூல்களில் சிவப்பும் நீலமுமாக வரையப்படும் இரண்டு கோடுகளுக்கு அருகே, சுவரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் சேர்த்து, அதன் உட்படலத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு பாடநூல் எழுதுவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.