மரபணுவுக்கும் கூட்டாளி உண்டு: தலசீமியா சொல்லும் பாடம்

பதுளை வைத்தியசாலைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வரும் தலசீமியா பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே மரபணுக் கோளாறு இருந்தும் நோயின் கடுமை பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். வேறு மரபணுக்களும் அதில் பங்கு வகிப்பது ஒரு காரணம்.

அவற்றைத் தேடுவது எப்படி? தோட்டத்தில் ஒருவரைத் தெரியாவிட்டால், யாரோடு மலைக்குப் போகிறார் என்று கேட்போம். மரபணு வலையமைப்பிலும் அப்படித்தான். இரு மரபணுக்களோடு சேர்ந்து இயங்குபவை மொத்தம் 10, அவற்றில் பொதுவானவை 6 என்றால், ஒப்புமை 0.6. இதுவே ஜக்கார்ட் அளவு.

பீட்டா குளோபின் மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில். பிசிஎல்11ஏ 2ஆம் நிறமூர்த்தத்தில். எழுத்து வரிசையை ஒப்பிட்டால் உறவே தெரியாது. ஆனால் நோயைத் தணிக்கும் கருப்பருவ ஈமோகுளோபினை அடக்குவது பிசிஎல்11ஏ என்று 2008இல் தெரியவந்தது. அந்த அடக்குதலைத் தளர்த்தும் காஸ்கெவி சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் அனுமதி அளித்தது.

அதன் விலை நமக்கு எட்டாது. திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை எட்டும்.