ஒத்தைப் புள்ளி

போன ஞாயிறு எங்கள் குடியிருப்பில் விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்தில் என் பெண் இரண்டாவதாக வந்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷமும் செகண்டுதான்ப்பா" என்று ஒரே புலம்பல். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாம்ஷெட்பூருக்கு மாற்றலாகி வந்தபின் எனக்குப் பிடித்துக் கொண்ட கிறுக்கு வில்வித்தை. டாடா ஆர்ச்சரி அகாடமி இருக்கிற ஊராச்சே!

கதையின் நாயகி ஜாங் ஜுவான்ஜுவான். 1981-ல் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து சிங்தாவ் நகரில் பிறந்தவர்.

முதலில் கொஞ்சம் முன்கதை. ஒலிம்பிக் பெண்கள் வில்வித்தையில் தனிநபர் தங்கம் 1984 முதல் 2004 வரை, ஆறு ஒலிம்பிக்கிலும், தென் கொரியாவுக்கே போனது. சீனாவின் பங்கு? 1984-ல் லி லிங்ஜுவானுக்கு வெள்ளி. 1992-ல் குழுப் போட்டியில் வெள்ளி. 1996-ல் ஹெ யிங்குக்கு வெள்ளி. எங்கள் வீட்டு ஓட்டப் பந்தயம் மாதிரியேதான்.

2004 ஏதென்ஸ். குழுப் போட்டியின் இறுதியில் மறுபடி கொரியாவும் சீனாவும். சீனக் குழுவில் ஜாங் ஒருவர். கடைசி அம்பு கொரியாவின் பார்க் சுங் ஹ்யுன் கையில். 10 எடுத்தார். 241-240. ஒரே ஒரு புள்ளியில் ஜாங்குக்கு வெள்ளி. பார்க் அந்த முறை தனிநபர் தங்கத்தையும் சேர்த்து வாங்கிக் கொண்டு போனார்.

அடுத்து 2008, பெய்ஜிங். சொந்த நாட்டில் போட்டி. ஆகஸ்ட் 10-ம் தேதி குழு இறுதிப் போட்டி. பார்க், யுன் ஓக் ஹீ, ஜூ ஹ்யுன் ஜங் என்று கொரியாவின் மூன்று பேர். இந்த முறை ஒரு புள்ளியெல்லாம் இல்லை, 224-215. ஜாங்குக்கு இன்னொரு வெள்ளி. (நம் பெண்கள் அணியும் அந்தத் தடவை சீனாவிடம்தான் 206-211 என்று தோற்றது.)

தனிநபர் போட்டிக்கான தரவரிசைச் சுற்றில் 64 பேரில் ஜாங்குக்கு 27-வது இடம்தான். முதல் மூன்று இடங்களிலும் அந்த மூன்று கொரியப் பெண்கள்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு: 70 மீட்டர் தூரத்தில் இலக்கு. நடுவில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ., ஏறக்குறைய ஒரு சிடி அளவு. இப்போதிருக்கிற செட் முறை அப்போது கிடையாது. ஆளுக்கு 12 அம்பு, மொத்தம் கூட்டி யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. ஒரு அம்பு சொதப்பினால் கடைசிவரை அந்தக் கணக்கு கூடவே வரும்.

ஆகஸ்ட் 14. காலிறுதியில் ஜாங்கின் எதிரில் ஜூ. 106-101. அரையிறுதியில் யுன். 115-109. இறுதியில், வேறு யார், பார்க்! 110-109. நாலு நாள் முன்பு மூன்று பேராகச் சேர்ந்து தோற்கடித்தவர்களை, தனி ஆளாக ஒவ்வொருவராக ஜெயித்தார். ஏதென்ஸில் எந்தப் பெண்ணின் கடைசி அம்பில் ஒரு புள்ளி போனதோ, அதே பெண்ணிடமிருந்து அதே ஒரு புள்ளி திரும்பி வந்தது.

பார்க் அம்பு விடும்போது சீன ரசிகர்கள் விசில் அடித்தார்கள் என்று கொரியாவில் பெரிய சலசலப்பு. அடித்தது தப்புதான். ஆனால் விசிலால்தான் ஜெயித்தார் என்பதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். கூச்சலுக்குப் பழகுவதற்காகவே பேஸ்பால் மைதானத்தில் போய்ப் பயிற்சி எடுப்பவர்கள் கொரியர்கள். தவிர, அரையிறுதியில் 120-க்கு 115 எடுத்தாரே, எதிராளி காதில் விழும் விசில் இவருக்கு 10 வாங்கித் தருமா என்ன?

நம் வீடுகளில் அந்த வாரம் யாரும் இதைக் கவனிக்கவில்லை. மூன்று நாள் முன்புதான் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியிருந்தார். நாமெல்லாம் வேறு உலகத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு 2012, 2016, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று தனிநபர் தங்கம் மறுபடி கொரியாவுக்கே. 1984 முதல் 11 ஒலிம்பிக்கில், நடுவில் ஜாங் ஒருவர் மட்டும். குழுத் தங்கம் 1988 முதல் ஒரு முறைகூட கொரியாவை விட்டுப் போகவில்லை. பாரிஸ் இறுதியிலும் சீனாதான் எதிரில்; டை-பிரேக்கர் வரை போய்த் தோற்றது. ஆக, இரண்டாவதாக வருவது சீனப் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்து. ஜாங் அதைத் தாண்டியது ஒரே ஒரு மத்தியானம், ஒரே ஒரு புள்ளியில்.

கதை முடிந்தது. இவளுக்கு உற்சாகம் வந்திருக்கும் என்று பார்த்தால், இன்னும் உம்மென்றுதான் இருந்தாள்.

"அப்ப அந்த பார்க் ஆன்ட்டிக்கு வெள்ளிதானாப்பா? ஒரே பாயின்டுலயா?"

"ஆமாம்மா."

"பாவம்ப்பா."

இரண்டாவதாக வந்தவர்களுக்குத்தான் தெரியும் போல.