ஆனைமுடி ஏறியவர் யார்?

மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அதனை முருகனுக்கு உரியதாக்கிப் போற்றியவர் நம் முன்னோர். விடுமுறையில் ஊர் செல்லும் நம் குடும்பங்களுள் பல, கோயமுத்தூரைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இரயிலில் சென்றிருக்கும். அவ்வேளையில் தெற்குப்புறச் சாளரத்தில் நீலநிறமாய்த் தோன்றுவதே ஆனைமலைத் தொடர். அத்தொடர் தெற்கு நோக்கிச் சென்று, இன்றைய இடுக்கி மாவட்டத்தில் ஆனைமுடி என்னும் சிகரமாக ஓங்கி நிற்கிறது. அதன் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை.

1862 ஆம் ஆண்டு இவ்வட்டாரத்திற்கு இரு வகையில் சிறப்புடையது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை போடப்பட்ட இருப்புப்பாதை, பாலக்காட்டுக் கணவாயை ஊடுருவி அவ்வாண்டில்தான் முழுமை பெற்றது. அதே ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள், சென்னைப் படையைச் சேர்ந்தவரும் பிற்காலத்தில் ஜெனரல் பதவி பெற்றவருமான டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். பதிவு பெற்ற முதல் ஏற்றம் இதுவே என்பர். பலரும் எடுத்துரைக்கும் அக்குறிப்பில் அவர் பெயர் ஒன்றே காணப்படுகிறது.

பதிவு பெற்ற ஏற்றம் வேறு, முதல் ஏற்றம் வேறு அன்றோ? அம்மலைகளில் நெடுங்காலமாக வாழ்பவர் முதுவர் என்னும் பழங்குடியினர். மதுரையை விட்டு நீங்கிய காலத்தில் மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகில் சுமந்து வந்தமையால் தமக்கு இப்பெயர் வாய்த்தது என்பது அவர்தம் வழிவழிக் கதை. அவர் பேச்சும் தமிழை ஒட்டியதே. வரையாடு மேயும் புல்வெளியும், யானை நடக்கும் தடமும், சோலையின் நீரூற்றும் அவர் அறிந்தவை. வெள்ளையர் வருமுன்னரே உள்ளூர் மக்கள் ஆனைமுடியில் கால்வைத்திருத்தல் கூடும் என்றே பலரும் கருதுகின்றனர்.

இவ்விடத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையைச் சற்று நோக்குவோம். ஹாமில்டன் ஆனைமுடி ஏறிய மூன்றாம் ஆண்டில், அதாவது 1865 ஜூலை 14 அன்று, எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயர் ஆறு துணைவருடன் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டினார். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். மாண்டவருள் வழிகாட்டியான மிஷேல் குரோவும் ஒருவர். விம்பரோடு உயிர்தப்பியவர், டௌக்வால்டர் என்னும் குடிப்பெயருடைய வழிகாட்டிகளான தந்தையும் மகனும் ஆவர். கூலி பெற்று வழிகாட்டியவராயினும் அவர்கள் பெயர் வரலாற்றில் நிலைத்தது. 1953 மே 29 அன்று எவரெஸ்டு ஏறிய ஹில்லாரியின் பெயரோடு டென்சிங்கின் பெயரையும் உலகம் சேர்த்தே சொல்கிறது. மலையேற்றத்தில் துணைவன் என்பவன் நிழல் அல்லன், அவனும் ஏறியவனே. இவ்வுண்மை நம் மலைகளுக்கும் பொருந்த வேண்டாவா?

ஹாமில்டனுக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1877 இல் ஜே. டி. மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை வளர்ந்தது. காடு திருத்தவும் கொழுந்து கிள்ளவும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஏழை மக்கள் போடிநாயக்கனூர் வந்து, அங்கிருந்து மலையேறினர். 1902 இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று; 1908 இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இரயில்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கின. பெட்டிக்குக் கம்பிவடம் கிடைத்தது; தொழிலாளிக்கோ தன் கால்களே துணை. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விரயில்பாதையை அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் ஊர்ப்பெயர்கள் மட்டும், வண்டி வராத நிலையங்களாய் இன்றும் நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் யாமும் எம் அலுவலக நண்பர் ஒருவரும் வனத்துறை அனுமதியுடன் குரங்கணியிலிருந்து அவ்வழியே ஏறினோம். புலருமுன் புறப்பட்டோம். புளிச்சோற்றுப் பொட்டலமும் நீரும் தவிர வேறு சுமை இல்லை. ஆயினும் இரண்டு மணி நேரத்தில் கால்கள் கெஞ்சின. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பது என்று சொல்லாமலே ஓர் உடன்பாடு எங்களிடையே அமைந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் களைப்பைக் கண்டு நகைத்தார். "எங்க அம்மா என்னய முதுகுல கட்டிக்கிட்டு இந்தப் பாதையிலதான் ஏறுனாங்க தம்பி. கங்காணி சீட்டுல அவங்க பேரு இருந்துச்சு. வேற எதுலயும் இல்ல" என்றார். டாப் ஸ்டேஷனை அடைந்து பள்ளத்தாக்கை நோக்கியபோது, எம்மை விட அச்சொற்களே உயர ஏறி நின்றன.

மலை அழகுடையது, இரக்கமற்றதும் ஆகும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், நண்பர்களோடு மலையேறச் சென்ற இளைஞர் பலர் உயிரிழந்தனர். ஆகவே அனுமதியும் வழியறிந்த துணையும் இன்றி எவரும் ஏறலாகாது. ஆனைமுடியோ, 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளத்தினுள் அடங்கியது. பொதுமக்கள் இராஜமலைப் பகுதி வரை சென்று வரையாடுகளைக் காணலாம். உச்சிக்குச் செல்ல இயலாது. வரையாடு ஈனும் பருவத்தில் அவ்வழியும் அடைக்கப்படும். இது நன்றே. மலையை வெல்வதினும் அதனைக் காப்பது பெரிது.

இனி நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இக்காலனியில் வாழும் நம்முள்ளும், மூணாற்றுக்கோ வால்பாறைக்கோ இலங்கைத் தேயிலை மலைகளுக்கோ ஏறிச் சென்ற முன்னோரை உடையவர் இருத்தல் கூடும். வீட்டுப் பெரியவரிடம் எம்மலை ஏறினர், யாரோடு ஏறினர், என்ன சுமந்தனர் என்று கேட்டு, அப்பெயர்களைப் பிள்ளைகளின் கையால் எழுதி வைப்போமாக. அடுத்த ஆண்டு மலரில் அவற்றிற்கு ஒரு பக்கம் ஒதுக்குதல் நம் சங்கத்திற்கு அரிதன்று. ஆனைமுடி ஏறியவர் யார் என்று நம் பிள்ளைகள் வினவும் நாளில், ஹாமில்டன் பெயரை மறைக்க வேண்டுவதில்லை. அவரொருவரே ஏறினார் என்று சொல்லாதிருந்தால் போதும்.