யோபுவின் வரலாறு கேட்டவர்

மானாவாரி வெள்ளாமை பொய்த்து, தொழுவத்து மாடுகளும் மடிந்தால் வீட்டில் எத்தகைய இருள் சூழும் என்பதை நம் திண்டுக்கல் சீமையாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளையும் இத்தகைய இழப்பினால்தான் மனமுடைந்து நின்றார். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்ம மகாராசாவின் படைக்குத் தலைமையேற்ற டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

1745 மே 14-ல் வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாய்த் திரும்பின. தேவசகாயத்துக்கோ 1749-ல் கைவிலங்கே கிடைத்தது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தடவினர். வேதத்தை விட்டுவிடு என்றனர், அவர் விடவில்லை.

புலியூர்க்குறிச்சிப் பாறையில் அவருக்காக நீர் சுரந்த அற்புதத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். நல்லதே. ஆயினும் என் மனத்தை உருக்குவது பெருவிளையில் வேப்பமரத்தோடு கட்டுண்டிருந்த நாட்களே. அற்புதம் ஒரு நொடியில் முடியும்; விடியும் ஒவ்வொரு நாளும் "உம் சித்தம்" என்று சொல்வது எளிதோ? அந்நிலையிலும், தம்மைத் தேடி வந்தவர்களுக்காக அவர் செபித்தார்.

1752 சனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் எச்சங்கள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஞானப்பூ அம்மாள் பட்ட சோதனையை நாம் குறைவாகவே பேசுகிறோம். அவரும் விசுவாசத்தை விடவில்லை. வடக்கன்குளத்திலேயே மரித்து, அங்கேயே அடக்கமானார்.